ஏசுபாதம் காட்டிய இரண்டு நோட்டுகள்

கால்வாய்க் கரையைக் கண்காணிக்கிற லஸ்கர் ஏசுபாதத்துக்கு வாரத்தில் ஆறு நாள் பேச்சுத் துணை கிடையாது. சென்னையிலிருந்து மரக்காணம் வரை கடலை ஒட்டியே போகிற படகுக் கால்வாயில், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, முப்பத்தெட்டாம் மைல் கல்லுக்குப் பக்கத்தில் சர்க்கார் அவருக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு கொடுத்திருந்தது. கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி மணல், அப்புறம் கடல். மேற்கே கால்வாய், அதற்கு அந்தண்டை ஒன்றும் விளையாத உவர் நிலம். கிட்டத்து ஊரான புதுமேட்டுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். படகுகள் போகும். படகுக்காரர்கள் கோலை ஊன்றிக்கொண்டே, "இன்னா ஏசு, கஞ்சி ஆச்சா?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதற்குள் படகு இருபது கஜம் தள்ளிப் போயிருக்கும். பாதி நாள் அந்தப் பதிலை அவர் சொல்லி முடிப்பதே இல்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷமே மனைவி காலராவில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம், அந்தத் தோப்புக்குள் எந்தப் பெண் வந்து இருப்பாள் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். புதுமேட்டுச் சேரியில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள். நெஞ்சில் பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு அவர் முதல் தடவை ஊருக்குள் வந்த அன்று, கூலிக்குப் போன இடத்திலிருந்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்களாம்.

அவர் வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. கரை சரிந்தால் செங்கல்பட்டு ஆபீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், பாசி மண்டினால் இழுத்துப் போட வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு திங்கட்கிழமையும் தண்ணீர் வற்றியிருக்கிற வேளை பார்த்து, தன் எல்லைக்குள் பதினோரு இடங்களில் அடியும் அங்குலமும் கோடு போட்ட மூங்கிலை இறக்கி, எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுத வேண்டும். பதினான்கு வருஷமாக எழுதினார். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் காய்ச்சலில் கிடந்த திங்கட்கிழமைகளில்கூட மூங்கிலை ஊன்றிக்கொண்டே நடந்து போய் எழுதிவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை புதுமேட்டு மிஷன் கோயிலில் ஜெபம் முடிந்ததும், அதே ஊரில் இருந்த தங்கை எல்லம்மாள் வீட்டுக்குப் போவார். அவள் புருஷன் முத்துசாமி மண்வேலைக்காரன். அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் மாமன் மேல் ஏறி விழும். மீன் குழம்பும் சோறும் ஆனபிறகு சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசிவிட்டு, இருட்டுக்கு முன்னால் தோப்புக்குத் திரும்பிவிடுவார். ஒரு வாரத்துக்கு வேண்டிய பேச்சு அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் அந்தத் தோப்புக்குக் கூட்டம் வந்தது. ஏழு மைல் தூரத்துக்குக் கால்வாயைத் தூர் வாரி, ஐந்தடி ஆழத்துக்குக் கொண்டுவர காண்ட்ராக்ட் விட்டிருந்தார்கள். எடுத்தவர் செங்கல்பட்டு செங்கல்வராயன். டெண்டர் கவரைப் பிரிப்பதற்கு முன்பே வேலை அவருக்குத்தான் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். ஏசுபாதத்துக்கு அதெல்லாம் தெரியாது. வேலைக்கு மேஸ்திரியாக முத்துசாமியைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது, அதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

புதுமேட்டிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் இருநூறு பேர் வந்தார்கள். அவர் வீட்டைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள் எழும்பின. விடியும்போதே அடுப்புப் புகை, பெண்களின் சண்டை, மண்கூடை மாற்றுகிறவர்களின் சத்தம். எல்லம்மாள் காலையில் ஒரு சொம்பு கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறிப் போவுது, குடிண்ணே" என்று அதட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லக் கூச்சப்படுகிற ஏசுபாதம், அந்த நாட்களில் மூன்று தடவை சொல்லிச் சிரித்தார்.

இரண்டு பக்கமும் மண்ணை அடைத்து, தண்ணீரை இறைத்து, உலர்ந்த கால்வாய்க்குள் இறங்கி வெட்டினார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அளந்து பார்ப்பதற்காக, நடுநடுவே சில மண்திட்டுகளைத் தொடாமல் விட்டுவைப்பது வழக்கம். திட்டின் தலையிலிருந்து அடிவரை அளந்தால் வெட்டிய ஆழம் தெரிந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் அப்படி ஒரு திட்டைக் கடந்து போன ஏசுபாதம் நின்றுவிட்டார். திட்டின் தலையில் புல் இருந்தது. இரண்டரை அடிக்குக் கீழே, வெட்டின பக்கத்தில், நசுங்கிப்போன இன்னொரு புல் வரி தெரிந்தது. இயற்கையாக இருந்த திட்டின் மேல் மண்ணை ஏற்றி, அதன் மேல் புல்லைப் பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அளந்தால் வெட்டாத ஆழமும் வெட்டினதாகக் கணக்கில் வந்துவிடும்.

முத்துசாமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னா மச்சான் இது? திட்டு வளந்து கீதே."

முத்துசாமி சிரித்தான். "மழை பேஞ்சா புல்லு வளரல? அதுமாரி மண்ணும் வளந்துச்சுன்னு வெச்சிக்கோ."

"மழை எங்க பேஞ்சுது?"

முத்துசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டான். "ஓவர்சியர் சொன்னாரு, செஞ்சேன். நான் மாட்டேன்னா நாளைக்கே வேற மேஸ்திரி வருவான், அவன் ஊரு ஆளுங்களை இட்டுகினு வருவான். இதோ, இவங்க அத்தினி பேரும் மூட்டையக் கட்டிகினு வூட்டுக்குப் போவணும். உனுக்கு இன்னா, மாசம் பொறந்தா சம்பளம் வருது. கம்முனு இரு மச்சான்."

ஏசுபாதம் கம்மென்று இருந்துவிட்டார். முத்துசாமி சொன்னதில் நியாயம் இருந்தது என்பது ஒரு காரணம். அன்று சாயங்காலமும் வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஆனி மாதம், முதல் மூன்று மைல் முடிந்ததென்று சொல்லித் தண்ணீரைத் திறந்துவிட்டு, வேலை தெற்கே நகர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை ஏசுபாதம் மூங்கிலை இறக்கினார். இரண்டடி மூன்று அங்குலம். அடுத்த இடத்தில் இரண்டடி ஏழு. சாலைப் பாலத்தின் பக்கத்தில் மட்டும் நாலே முக்கால் அடி இருந்தது. அதிகாரிகள் ஜீப்பை நிறுத்திப் பார்க்கிற இடம் அது. பார்த்தபடியே எழுதினார். நாலு வாரம் எழுதினார்.

ஐந்தாவது வாரம் ஓவர்சியர் வாசுதேவன் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மாதிரி பேசுகிறவர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. கையில் ஒரு புது நோட்டு இருந்தது.

"ஏசுபாதம், பழைய நோட்டு ஈரம் பட்டுப் போச்சு இல்லையா? இதிலே ஆனி மாசத்திலிருந்து புதுசா எழுதிடு. அஞ்சடி, அஞ்சடி ஒண்ணு, நாலு அடி பதினொண்ணு, அப்படி மாத்தி மாத்தி எழுது."

"ஈரம் ஒண்ணும் படலீங்க சார்."

வாசுதேவன் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டையும் தோப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எத்தனை வருஷமா இங்கே இருக்கே? பதினாலா? ஒரு மனுஷன் எப்படித்தான் இருக்கிறதோ! செங்கல்பட்டு ஆபீசிலே பியூன் வேலை ஒண்ணு காலியாகுது. ஸ்டேஷன் பக்கத்துத் தெருவிலே வீடு கிடைக்கும். பொழுது போறதே தெரியாது, அத்தனை ஜனம். உன் பேரை நான் எழுதி அனுப்பலாம்னு இருக்கேன்."

பணம் கொடுத்திருந்தால் ஏசுபாதம் வாங்கியிருக்க மாட்டார். பணத்தை வைத்துக்கொண்டு அந்தத் தோப்பில் என்ன செய்வது? ஆனால் இது வேறு. செங்கல்பட்டு ஸ்டேஷனை அவர் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். வண்டி வந்து நின்றதும் எழும்புகிற கூச்சல், காப்பி விற்கிறவன் குரல், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது. மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து புது நோட்டை எழுதினார். ஐந்தடி. ஐந்தடி ஒன்று. நாலடி பதினொன்று. கையெழுத்தில் ஒரு பிசகும் இல்லை. அதன்பிறகு வந்த திங்கட்கிழமைகளில் மூங்கிலை இறக்குவார், பழைய நோட்டில் உள்ளதை எழுதுவார், புது நோட்டில் இல்லாததை எழுதுவார். பழையதை ஏன் நிறுத்தவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, திங்கட்கிழமை வந்தால் எழுதுவது பழக்கம் என்று மட்டும் சொன்னார்.

ஆவணியில் அப்துல் சுபஹான் பாயின் படகு தரை தட்டிவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் சவுக்கு விறகு வியாபாரம் செய்தவர் பாய். கால்வாய் ஐந்தடி ஆழம் என்று ஆபீசில் சொன்னதை நம்பி, வழக்கத்தைவிட அதிகமாகப் பாரம் ஏற்றி அனுப்பியிருந்தார். ஏசுபாதத்தின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். படகு சட்டென்று விடுபட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தபோது, சுப்பிரமணி என்ற படகுக்காரனின் கால் படகுக்கும் கரைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அலறல் கேட்டு ஓடிப்போய்த் தூக்கினவர்களில் ஏசுபாதமும் ஒருவர். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க சுப்பிரமணியின் தலை அவர் மடியில் இருந்தது. "இன்னா ஏசு, கஞ்சி ஆச்சா" என்று தினமும் கேட்டுக்கொண்டு போகிறவர்களில் அவன் ஒருவன்.

"அஞ்சடி கீதுன்னு சொன்னாங்களே ஏசு?" என்று வண்டியில் கேட்டான்.

ஏசுபாதம் துண்டால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பாய் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் மனு எழுதிப் போட்டார். புரட்டாசி கடைசியில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த என்ஜினீயர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். மாமல்லபுரத்தில் அதிகாரிகள் தங்குகிற பங்களாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வாசுதேவனும் செங்கல்வராயனும் ஒரு பக்கம் நின்றார்கள், பாய் ஒரு பக்கம். முத்துசாமி வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தான்.

"லஸ்கர் யார்? ஆழம் பார்த்த நோட்டைக் கொடு."

ஏசுபாதம் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒன்றை வைத்தார். கொஞ்சம் நின்று இன்னொன்றையும் வைத்தார். வாசுதேவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ஜினீயர் இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே தேதி. ஒரே கையெழுத்து. இதிலே இரண்டேகால் அடி, அதிலே அஞ்சடி. இரண்டும் நீ எழுதினதா?"

"ஆமாங்க ஐயா."

"எது நிஜம்?"

"பழசுங்க."

"அப்போ இது?"

"அதுவும் நான் எழுதினதுதாங்க. பொய்யி."

"யார் சொல்லி எழுதினே?"

ஏசுபாதம் சொன்னார். பியூன் வேலையையும் சொன்னார். அதற்கு ஆசைப்பட்டதையும் விட்டுவிடாமல் சொன்னார். மண்திட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் தடுமாறினார். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. முத்துசாமி பீடியைக் காதில் செருகிக்கொண்டு குந்தியிருந்தான். "திட்டு ஏத்தினதுதாங்க. புல்லு ரெண்டு வரி கீது. வெட்டிப் பாத்தா தெரியும்" என்றார். யார் ஏற்றினது என்று அவர் சொல்லவில்லை. மேஸ்திரி யார் என்பது என்ஜினீயர் முன்னால் இருந்த தாளிலேயே எழுதியிருந்தது.

தெற்கே, இன்னும் தண்ணீர் விடாத இடத்தில் வெட்டிப் பார்த்தார்கள். பத்துத் திட்டுகளில் எட்டில் இரண்டு வரி புல் இருந்தது. அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. டெண்டர் கவர்களை முன்கூட்டியே பிரித்துக் காட்டிய குமாஸ்தாவும் அகப்பட்டான். கார்த்திகை மாதம் உத்தரவு வந்தது. லஞ்சம் கொடுத்து வாங்கிய காண்ட்ராக்ட் ரத்து, செங்கல்வராயன் பேர் சர்க்கார் பட்டியலிலிருந்து நீக்கம், வாசுதேவன் சஸ்பெண்ட், மேஸ்திரி முத்துசாமியை இனி எந்தச் சர்க்கார் வேலையிலும் வைக்கக் கூடாது. பொய்க் கணக்கு எழுதினதற்காக ஏசுபாதத்துக்கும் மூன்று மாதம் சஸ்பென்ஷன். உண்மையைச் சொன்னதால் வேலை போகாமல் தப்பியது என்று என்ஜினீயர் குறிப்பு எழுதியிருந்தாராம்.

உத்தரவு வந்த மறுநாளே கொட்டகைகளைப் பிரித்துவிட்டார்கள். தெற்கே தொடங்கி, விசாரணையோடு நின்றுபோன நாலு மைல் வேலை பாக்கி இருந்தது. தை பிறந்தால் தொடங்கும் என்று நம்பியிருந்த ஜனம். கீற்றுகளைச் சுமந்துகொண்டு அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போனார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் அவர் பக்கம் திரும்பவும் இல்லை. சாயங்காலத்தில் வெற்றிலை போட்ட இடத்தில் சுண்ணாம்புக் கறை மட்டும் இருந்தது.

எல்லம்மாள் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏ எல்லம்மா, பொய்யி சொல்லச் சொல்றியா நீ?" என்று அவரே ஆரம்பித்தார்.

"நான் அப்டி சொன்னனா? அந்தப் படகுக்காரன் காலு போச்சு, எனுக்குந்தான் வவுறு எரிஞ்சுது. நீ சொன்னது சரிதாண்ணே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா விசாரணைக்கு மொத நாளு ராத்திரி எங்க வூட்ல தான சோறு துன்ன? அவரு பக்கத்துல தான குந்திகினு இருந்த? நாளைக்கு நான் இதச் சொல்லப் போறேன் மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அவரும் உன்கூட வந்து, ஆமா நான்தான் செஞ்சேன்னு சொல்லிருப்பாரு. மரத்தடில குந்திகினு இருந்தவருக்குப் பியூன் வந்து சொல்றான், உன் மச்சான் எல்லாத்தையும் சொல்ட்டான்னு."

அந்த இரவு ஏசுபாதம் சொல்லத்தான் நினைத்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன, குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் ஒரு வேளை, இந்த ஒரு வேளை என்று தள்ளிவிட்டார்.

இரண்டு வாரத்தில் முத்துசாமி குடும்பத்தோடு ஊரப்பாக்கம் பக்கம் கல்லுடைக்கப் போய்விட்டான். புதுமேட்டில் இன்னும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏசுபாதம் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. கடைக்காரி செங்கம்மாள் உப்பையும் புளியையும் பொட்டலம் கட்டி அவர் பக்கம் தள்ளுவாள், விலைகூடச் சொல்ல மாட்டாள். அவருக்கு விலை தெரியும். கோயில் முடிந்தால் போக வீடு இல்லாமல், நேரே தோப்புக்குத் திரும்புவார். அப்படித் திரும்புகிற ஞாயிறுகளில் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். பொழுது அதிகமாக இருந்தது.

அப்துல் சுபஹான் பாய் ஒரு பெருநாளைக்குப் பிரியாணி அனுப்பினார். அடுத்த பெருநாளுக்குள் அவர் விறகை லாரியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்.

ரத்தான வேலைக்கு மறு டெண்டர் விட இரண்டரை வருஷம் ஆயிற்று. அதுவரை தூர் வாராத கால்வாயில் படகுகள் தட்டித் தட்டிப் போயின. ஐம்பத்தாறு கோடையில்தான் புது காண்ட்ராக்டர் வந்தார். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். மறுபடியும் கொட்டகைகள், அடுப்புப் புகை, குழந்தைகளின் அழுகை. அவர்கள் தெலுங்கு பேசினார்கள். ஏசுபாதத்துக்கு "நைனா" தவிர ஒன்றும் புரியவில்லை. ஒழுங்காக வெட்டினார்கள். தண்ணீர் விட்ட திங்கட்கிழமை பதினோரு இடத்திலும் மூங்கிலை இறக்கினார். ஐந்தடிக்குக் குறைவாக எங்கும் இல்லை. இரண்டாம் தடவையும் இறக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்.

அந்த வாரமே லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டார். செங்கல்பட்டு வரை பஸ், கூடுவாஞ்சேரி வரை ரயில், அங்கிருந்து நடை. கல்குவாரிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த குடிசைகளில் விசாரித்து விசாரித்து எல்லம்மாளைக் கண்டுபிடித்தார். அவள் இளைத்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கல்லைப் போலவே ஆகியிருந்தது. பெரிய பெண்ணுக்கு அவரை அடையாளம் தெரிந்தது, சின்னவனுக்குத் தெரியவில்லை. எல்லம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

முத்துசாமி சாப்பாட்டு வேளைக்கு வந்தான். வாசலில் அவரைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்று ஏசுபாதம் நினைத்தார். போகவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, எட்டி உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். பாதிச் சோறு ஆனபிறகு, தலை நிமிராமலேயே கேட்டான்:

"வேலை ஆயிடுச்சா அங்க?"

"ஆச்சு மச்சான். போன வாரம் தண்ணி வுட்டாங்க."

"அஞ்சடி வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லா எடத்திலயும்."

முத்துசாமி தலையை ஆட்டினான். "அந்த மண்ணு அஞ்சடி தாங்கும். நான் அப்பவே சொன்னேன் அந்த ஓவர்சியர்கிட்ட. எங்க ஆளுங்களே வெட்டிருப்பாங்க." கையைக் கழுவிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குவாரிக்குப் போய்விட்டான்.

ஏசுபாதம் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "எல்லம்மா, அன்னைக்கு நான் சொல்லிருக்கணும்" என்றார். மூன்று வருஷம் சேர்த்து வைத்திருந்ததில் அவ்வளவுதான் வெளியே வந்தது.

"துன்னு மொதல்ல" என்றாள் அவள்.

புறப்படும்போது ரோடு வரை கூட வந்தாள். "மாசத்துக்கு ஒரு தபா வந்துட்டுப் போ. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பேசவும் மாட்டாரு. நீ அத மனசுல வெச்சிக்காத."

அவள் சொன்னது போலவே ஆயிற்று. பென்ஷன் வாங்குகிற வரைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏசுபாதம் அங்கே போய்வந்தார். முத்துசாமி ஒவ்வொரு தடவையும் கால்வாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்பான், பதிலைக் கேட்டுக்கொள்வான், துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவர் எல்லம்மாளோடும் பிள்ளைகளோடும் இருந்துவிட்டு, சாயங்கால வண்டியைப் பிடிப்பார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கும் நாட்களில், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வண்டி வந்து, இறங்கினவர்கள் எல்லாரும் போய் முடிந்ததும், எழுந்து பஸ்ஸுக்கு நடப்பார்.